கடிதத்தின் அடியில் இரண்டு எண்கள்

கார்ட்சாக்
14 ஜனவரி 1995

அன்புள்ள வில்மா அக்கா,

நீயும் டெஷோ அத்தானும் இந்தக் குளிரில் இருமாமல் தும்மாமல் இருக்க வேண்டும். அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். நீ கொடுத்ததும் நன்றாக இருக்கிறது. நேற்று முழுக்கப் பனியில் சைக்கிள் மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து முதல் காரியமாகப் பாத்ரூம் போனேன். மூன்று வருடம் அந்த வேலையை மெஷினிடம் ஒப்படைத்திருந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒவ்வொரு தடவையும் உன்னை நினைத்துக்கொள்கிறேன். நினைப்பதற்கு அது அழகான இடமில்லைதான், மன்னித்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி. இந்த வருடம் ஜனவரி முதல் தேதியிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்று வரை நம் ஹங்கேரியில் எத்தனை வகைப் பறவை உண்டோ அத்தனையையும் தேடிப் பார்க்கப் போகிறேன். சைக்கிளில். விதி எளிது. என் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளிலோ நடந்தோ போய்ப் பார்த்தாலோ குரலைக் கேட்டாலோதான் கணக்கு. அவசரத்துக்கு ரயிலோ காரோ ஏறலாம். ஆனால் அதிலிருந்து பார்த்ததும், அது கொண்டுபோய் விட்ட ஊரில் பார்த்ததும் பட்டியலில் சேராது. விட்ட இடத்துக்கே திரும்பி வந்துதான் தொடர வேண்டும்.

எங்கள் பறவைக் கழகத்தின் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஒரே வருடத்தில் சைக்கிளில் அதிக வகை பார்த்தவர் பெயர் ஒன்றே ஒன்றுதான் அதில் இருக்கும். எட்டு வருடமாக அது கால்நடை மருத்துவர் ஒட்டோவின் பெயர். 238. சமமாக வந்தால் போதாது, தாண்டினால்தான் பலகை மாறும். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். ஜனவரி விருந்தில் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்து எண்ணைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சிக்னல் கேபினில் இருபத்திரண்டு வருடம் ஜன்னல் வழியாகப் பறவை பார்த்தேன். டயாலிசிஸ் அறையில் மூன்று வருடம் ஒரே ஒரு புறாவைப் பார்த்தேன். இனி ஜன்னலே வேண்டாம் என்று தோன்றுகிறது. இதுவரை 41. பழைய பறவைப் புத்தகம் ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், புரட்டிப் பார்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் கைகளுக்கு முத்தம்.
உன் தம்பி,
காஷ்பார்


ஷூமெக்
27 ஜனவரி 1995

அன்புள்ள காஷ்பார்,

இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். உன் அத்தானின் முதுகு வழக்கம்போல வானிலை அறிக்கை வாசிக்கிறது. நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன், ஆனால் பாதிதான்.

பள்ளிச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குக் கசகசா நூடுல்ஸ் கிளறிவிட்டு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். சத்தமாகப் படித்தேன். டெஷோ கேட்டுவிட்டு, "உன் தம்பிக்கு கிட்னியோட கொஞ்சம் மூளையும் சேர்த்துக் குடுத்திருக்கலாமே வில்மா" என்றார். "எனக்கே பத்தலையே, எங்கேயிருந்து குடுக்கிறது" என்றேன்.

ரயில்வேக்காரனுக்கு ஆயுள் முழுக்க இலவசப் பாஸ் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சைக்கிளில் போகிற முதல் ஆள் நீதான். போகாதே என்று சொல்ல மாட்டேன். மூன்று வருடம் அந்த நாற்காலியில் உன்னைப் பார்த்தவள் நான், எனக்கு அதற்கு வாய் வராது. ஆனால் அந்தச் சீட்டில் வைத்துக் குலுக்கப்போகிற சாமானில் ஒன்று என்னுடையது. அதனால் எனக்கும் ஒரு விதி உண்டு.

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை நீ ரயிலேறி பூடாபெஸ்ட் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். எந்தப் பறவை எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி. எனக்கு எழுதும் கடிதத்தின் அடியில் இரண்டு எண்கள் வேண்டும். உன் பறவை எண்ணுக்குப் பக்கத்திலேயே, கிட்னி திணறினால் ஏறும் என்று டாக்டர் சொன்ன அந்த கிரியாட்டினின் எண். நூற்றிருபதை ஒட்டி இருந்தால் அவர் சிரிப்பார் என்று சொன்னாயே, அது. ஒன்று எழுதி ஒன்று விட்டால் நானே வந்து டயரைக் கிழிப்பேன்.

பறவைப் புத்தகம் வந்தது. சாப்பாட்டு மேசையின் ஆடும் காலுக்கு அடியில் கச்சிதமாகப் பொருந்துகிறது. எனக்குச் சிட்டுக்குருவி தெரியும், நாரை தெரியும், கோழி தெரியும். சமையல்காரிக்கு அது போதும்.

காதை மூடிக்கொண்டு போ. கடவுள் உன் கூட வரட்டும், அவருக்குச் சைக்கிள் தெரிந்தால்.
அக்கா வில்மா


தேவவான்யா
9 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்கா,

நீ, அத்தான், அந்த மேசை, மூவரும் நலம்தானே? எனக்குக் கால் வலிக்கிறது, மற்றதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.

இன்று காலை கானமயில் பார்த்தேன். ஆண் பறவை, ஆட்டுக்குட்டி அளவு. பெட்டைக்கு முன்னால் தன்னைத் தானே உள்வெளியாகப் புரட்டிப்போட்டு ஒரே வெள்ளைக் குவியலாக நின்றது. நான் ஈர மண்ணில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். படுத்திருந்தபோது அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடத்துக்கு முந்தின ஏப்ரலில் இந்த நேரத்துக்கு என் கையில் ஊசி இருந்தது.

இங்கே சத்திரக்கார அம்மா ஒருத்தி. என் தொப்பியில் ரயில்வே சின்னத்தைப் பார்த்துவிட்டு, "ரயில்வேக்காரரா? அப்புறம் என்னத்துக்குய்யா இந்தச் சைக்கிள் பொழப்பு? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். உப்பு குறைவாகத்தான் சாப்பிடுவேன் என்பதையும் சொன்னேன். அப்புறம் எனக்காகத் தனிப் பானையில் உப்பில்லாமல் சூப் வைத்து, பக்கத்திலேயே நின்று கிண்ணம் காலியாகும்வரை பார்த்தாள். "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, இங்க ஒருத்தி கும்புட்டான்னு" என்றாள். சொல்லிவிட்டேன். வழியெல்லாம் இப்படித்தான் யாராவது எனக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

உன் விதிப்படி செவ்வாய்க்கிழமை ரயிலேறினேன். டாக்டர் சிரித்தார்.

அத்தானின் முதுகுக்கு வெயில் வரட்டும்.
காஷ்பார்

பறவை 128. ரத்தம் 116.


ஷூமெக்
14 மே 1995

அன்புள்ள காஷ்பார்,

சுகமாக இருப்பாய், எண் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சத்திரக்கார அம்மாவை நானும் கும்பிட்டதாகச் சொல், அந்தப் பக்கம் போனால்.

ஒரு சங்கதி. எங்கள் தபால் பெட்டிக்குள் ஏதோ குருவி கூடு கட்டியிருக்கிறது. தபால்காரர் கையை விட்டவர் "யம்மா!" என்று இழுத்துக்கொண்டார். இப்போது தினமும் மணியடித்துக் கையில் கொடுத்துவிட்டு, குஞ்சு பொரித்ததா என்று விசாரித்துவிட்டுப் போகிறார். மஞ்சள் வயிறு, கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம். என்னவென்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. கடைசியில் மேசைக் காலுக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவினேன். பெரிய பட்டாணிக்குருவி, 162ஆம் பக்கம். மேசை மறுபடியும் ஆடுகிறது, டெஷோவின் மடியில் சூப் கொட்டியது. "உங்க குடும்பத்துக்கே பறவைப் பைத்தியம் ரத்தத்துல ஓடுதா, இல்ல கிட்னியிலயா?" என்று கேட்கிறார்.

நீ சிரிப்பாய் என்றுதான் எழுதினேன். பள்ளி மூடும் மாதம், தலைக்கு மேல் வேலை.

மெதுவாகப் போ. அன்புடன்,
வில்மா


ப்யூக் மலை அடிவாரம்
25 ஜூன் 1995

அக்கா, அன்புள்ள அக்கா,

நலமா? அத்தான் நலமா? குஞ்சுகள் பறந்துவிட்டனவா? சூறைக்குருவிகள் வந்துவிட்டன! எங்கோ கிழக்கே புல்வெளியில் இருக்க வேண்டியவை, வெட்டுக்கிளி அதிகமான வருடத்தில் மட்டும் நம் பக்கம் எட்டிப்பார்க்கும். இங்கே ஒரு கல்குவாரியில் இருநூறு ஜோடி. ரோஜா நிற உடம்பு, கறுப்புத் தலை, சந்தைக் கூச்சல். பத்து நாளில் முட்டையிட்டு, மூன்று வாரத்தில் குஞ்சு வளர்த்து, ஒன்றும் நடக்காததுபோல் போய்விடும். மே கடைசியில் தகவல் கேட்டதும் நூற்றைம்பது கிலோமீட்டர் இரண்டே நாளில் மிதித்து வந்தேன். அப்புறம் இங்கிருந்து நகர மனசில்லை. இந்த மலையில் மரங்கொத்தி மட்டுமே எட்டு வகை பார்த்தாகிவிட்டது.

வெயில் அதிகம். ஷூ இறுக்குகிறது, செருப்பிலேயே மிதிக்கிறேன். ஒட்டோவுக்கு அட்டை போட்டேன், ஆடிப்போயிருப்பார். இந்த வேகத்தில் போனால் செப்டம்பரிலேயே பலகை என்னுடையது.

எல்லாருக்கும் முத்தங்கள்,
காஷ்பார்

பறவை 219!


ஷூமெக்
1 ஜூலை 1995

காஷ்பார்,

நாங்கள் சுகம்.

பறவை 219. அப்புறம்?

ஜூன் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நீ குவாரியில் இருந்திருக்கிறாய். ஷூ ஏன் இறுக்குகிறது? போன தடவை உனக்கு முதலில் வீங்கியது கணுக்கால்தான். "வெயில்தான் அக்கா" என்று அன்றும் இதையேதான் சொன்னாய்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன் அந்தக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டபோது எனக்குப் பயமே இல்லை. உன் கடிதத்தில் ஆச்சரியக்குறியோடு முடிந்த அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தபோது பயந்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. பத்திரமாக வைத்துக்கொள் என்று கேட்கிறேன். அது பெரிய கேள்வியா?

இந்தக் கடிதம் உன் வீட்டுக் கதவுக்கு அடியில் கிடக்கும். நீ எப்போது திரும்புவாயோ தெரியாது. வந்ததும் ரயிலேறு.

வில்மா


பூடாபெஸ்ட், மருத்துவமனை
12 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். நான் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே, கடைசிவரை படி.

உன் கடிதம் நாலு வாரம் என் வீட்டில் காத்திருந்தது. ஜூலை முப்பதாம் தேதி வந்து படித்தேன். ஜூலைச் செவ்வாயையும் விட்டிருந்தேன், அதை நீயே ஊகித்திருப்பாய். ஜூனில் போகாதது பறவைக்காக. ஜூலையில் போகாதது பயத்தினால். கணுக்காலை அமுக்கினால் குழி விழுந்தது. எண்ணைக் கேட்காத வரைக்கும் எண் இல்லை என்று இருந்தேன். இருபத்திரண்டு வருடம் சிக்னல் பார்த்தவன், சிவப்பு எரிவது தெரிந்தும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் முதல் தேதி ரயிலேறினேன். ரத்தம் 187. உடம்பு உன்னுடையதை வெளியே தள்ளப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். அன்றே படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். நேற்று 149. இறங்குகிறது. "இன்னும் மூணு வாரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. யாரு உங்களை அனுப்பினது?" என்று கேட்டார். "அக்கா" என்றேன். "அவங்க காலைத் தொட்டுக் கும்புடுங்க" என்றார்.

வரும் வழியில் திஸா ஆற்றுப் பாலத்தின் மேல் ரயில் மெதுவாக ஊர்ந்தது. ஜன்னலுக்கு நேர் வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், சிவப்புப் பருந்து. பிளவுபட்ட வாலைத் திருப்பித் திருப்பிக் காற்றில் நின்றது. எங்கள் பக்கம் வராத பறவை, ஏழு மாதமாக நான் தேடிய பறவை. ரயிலிலிருந்து பார்த்தது. சேராது. பெட்டியில் வேறு யாரும் இல்லை, நெஞ்சில் கைவைத்து நான் என்ன சொன்னாலும் கழகம் நம்பும். பட்டியல் நோட்டை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். ஏற்கெனவே ஒரு எண்ணை மறைத்ததற்குத்தான் படுக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் தம்பி,
காஷ்பார்

பறவை 226. ரத்தம் 149.


கார்ட்சாக்
19 நவம்பர் 1995

அன்புள்ள அக்கா,

குளிர் ஆரம்பித்துவிட்டது, அத்தான் முதுகைப் போர்த்திக்கொள்ளட்டும். நீ பள்ளியிலிருந்து வந்ததும் கொஞ்சம் உட்கார்.

ஆகஸ்டில் என் கடிதம் கிடைத்த மறுநாளே ரயிலேறி வந்து, நாலு நாள் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் உரித்தாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கடைசி நாள் "டாக்டர் மிதிக்கச் சொன்னா மிதி, வேணாம்னா விடு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே" என்றாய். செப்டம்பரில் டாக்டர் ஒத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர், அதற்கு மேல் கூடாது. அப்படியே போகிறேன். மெதுவாகப் போனால் பறவை அதிகம் தெரிகிறது என்பது இந்த வயதில் கண்டுபிடித்த உண்மை.

ஒட்டோ ஒரு விசித்திர மனிதர். என் எண் ஏறஏற அவருக்குச் சந்தோஷம் ஏறுகிறது. கடலோரத்துக் குருவி ஒன்று மீன் பண்ணையில் நிற்கிறது என்று அவரே வந்து கதவைத் தட்டினார். "உங்க பேரை நீங்களே அழிக்கிறீங்களே டாக்டர்" என்றேன். "எட்டு வருஷமா என் பேரைப் பார்த்து எனக்கே அலுத்துப்போச்சுய்யா" என்றார். அந்தக் குருவி 238.

இனி ஒன்றே ஒன்று. பாக்கியிருப்பதில் குளிர்காலத்தில் கிடைக்கக்கூடியது விடியற்பறவை மட்டும். மலையுச்சியிலிருந்து இறங்கி வந்து செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு திரியும். குவாரிகளில் மூன்று தடவை தேடினேன். இந்த வருடம் அதை யாரும் எங்கேயும் பார்க்கவில்லையாம். பார்ப்போம்.

உன் கைகளுக்கு முத்தம்,
காஷ்பார்

பறவை 238. ரத்தம் 121.


ஷூமெக்
1 டிசம்பர் 1995

அன்புள்ள காஷ்பார்,

நாங்கள் சுகம். 121க்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

இங்கே முழங்கால் வரை பனி. பள்ளியில் கொதிகலன் நின்றுபோய் இரண்டு நாள் லீவு. டெஷோ கிறிஸ்துமஸ் சூப்புக்குக் கெண்டை மீன் சொல்லி வைத்திருக்கிறார். நான் இரண்டு கசகசா ரொட்டி சுருட்டினேன், ஒன்று வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை.

பறவை ஒன்றும் விசேஷமில்லை. புத்தகத்தைத் திரும்பவும் மேசைக் காலுக்கே கொடுத்துவிட்டேன்.

238 நல்ல எண்தானே? வழியெல்லாம் பனிக்கட்டி என்று ரேடியோவில் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

வில்மா


ஷூமெக்
12 டிசம்பர் 1995

அன்புள்ள காஷ்பார்,

நலமா என்று கேட்டுவிட்டு நேராகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் ரொட்டியைப் பற்றி எழுதிவிடுவேன்.

போன கடிதத்தில் பொய் எழுதினேன். புத்தகம் மேசைக் காலுக்கு அடியில் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, 174ஆம் பக்கம் திறந்தபடி. எங்கள் தெருவுக்கு மேலே கோட்டை நிற்கிற பாறை உனக்குத் தெரியுமே, சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. நவம்பர் ஆறாம் தேதி அதில் சுண்டெலிபோல் ஏதோ ஏறியது. சாம்பல் நிறம். பாறையை விட்டுப் பறந்ததும் இறக்கை விரிந்தது, காஷ்பார், அப்படியொரு சிவப்பு. என் கையிலிருந்த உருளைக்கிழங்கு கீழே விழுந்தது. தினமும் காலையில் வருகிறது.

எனக்கு அது என்னவென்று தெரியும். உன் கடிதத்தில் அதன் பெயரைப் படிப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே தெரியும். எழுத உட்கார்ந்தேன். முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், பனி, உறைந்த சாலை, ஆகஸ்டில் உன் முகம், எல்லாம் ஞாபகம் வந்தது. பேனாவை மூடிவிட்டேன். அப்புறம் உன் கடிதம் வந்தது, ஒன்றே ஒன்று பாக்கி என்று. அதற்கும் பதில் பொய்.

நேற்று டெஷோ பிடித்துக்கொண்டார். "யாருக்காக ஒளிச்சு வைக்கிறே?" என்றார். "அவனுக்காகத்தான்" என்றேன். "அவனுக்காகவா, உன் கிட்னிக்காகவா? குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சு வில்மா. அதை வெச்சு அவன் என்ன பண்ணணும்னு நீ சொல்லக்கூடாது. எண்ணை மறைச்சான்னு அவனைப் பேசினியே, நீ ஒரு பறவையையே மறைச்சுட்டியே" என்றார். முதுகு வலிக்காரர் பேசுவது சில சமயம் நேராக வந்து குத்துகிறது.

அதனால் சொல்கிறேன். வா. சைக்கிளில்தான் வருவேன் என்றால் சைக்கிளிலேயே வா. டாக்டர் சொன்ன நாற்பது கிலோமீட்டர்படி ஒன்பது நாள், உனக்கு நேரம் இருக்கிறது. மாடி அறையைச் சூடாக்கி வைக்கிறேன். நான் ஜன்னலில் உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பேன், அது என் பாடு.

கோபப்படாதே.
உன் அக்கா,
வில்மா


கார்ட்சாக்
17 டிசம்பர் 1995

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டாம் தடவை சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். வரைபடத்தை விரித்து ஒன்பது ஊர்களில் பென்சிலால் வட்டம் போட்டேன். பையைக் கட்டி, கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் சீட்டிலும் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபடி ஒரு காரியம் செய்தேன். உன் எல்லாக் கடிதங்களும் பையில் இருந்தன, எடுத்துப் புரட்டினேன். ஜனவரியிலிருந்து என் எண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். என் கடிதங்கள் என்னிடம் இல்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். ஒன்றில்கூட நான் உன் எண்ணைக் கேட்டதில்லை. உனக்கும் ஒன்றுதானே இருக்கிறது அக்கா? வருடத்துக்கு ஒரு தடவை உனக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாரே. கடைசியாக எப்போது பார்த்தாய்? அத்தான் முதுகைக் கேட்டிருக்கிறேன், மேசையைக்கூடக் கேட்டிருக்கிறேன். 238 பறவையை எண்ணியவன் இதை எண்ணவில்லை.

சைக்கிளைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டேன். உடம்பு முடியாமல் இல்லை, நன்றாகவே முடியும். அந்தப் பறவையை ஒளித்ததற்காக உனக்கு நன்றி சொல்கிறேன், காட்டிக்கொடுத்ததற்கும் சேர்த்து. எனக்காக ஒருத்தி ஐந்து வாரம் ஒரு பறவையைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். கழகத்தில் யாருக்குக் கிடைக்கும் அது?

இருபத்துமூன்றாம் தேதி மத்தியான ரயிலில் வருகிறேன். ஆபரேஷனுக்கு நீ ஒரு சின்னப் பெட்டியோடு ரயிலில்தான் வந்தாய், கிலோமீட்டர் எண்ணவில்லை. பறவையைச் சேர்ந்து பார்ப்போம். சேராது, பரவாயில்லை. ஜனவரி இரண்டு முதல் செவ்வாய்க்கிழமை. இருவரும் பூடாபெஸ்ட் போகிறோம், இருவரும் சட்டைக் கையை மடிக்கிறோம். இது என் விதி.

கெண்டை சூப்பில் எனக்கு உப்பு வேண்டாம்.
காஷ்பார்

பறவை 238. ரத்தம் 119.
உன்னுடையது?


ஷூமெக்
21 ஜனவரி 1996

அன்புள்ள தம்பி,

நீ சுகமாக ஊர் சேர்ந்ததும், விருந்து நடந்ததும் உன் கடிதத்தில் தெரிந்தது. நாங்கள் இங்கே நன்றாக இருக்கிறோம். டெஷோ முதுகைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை, பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்து 238 என்று சொன்னாயாமே. ஒட்டோ உன் காதில், "ரயில்ல போகும்போது ஒண்ணு, அக்கா வீட்டு ஜன்னல்ல ஒண்ணு பார்த்தியாமே, சேர்த்துக்கோய்யா, யாரு கேக்கப்போறா?" என்றதற்கு, "யாரும் கேக்க மாட்டாங்கங்கிறதாலதான், டாக்டர், என்னால சேர்க்க முடியலை" என்றாயாமே. படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் பெருமைப்பட்டேன். பலகையில் ஒட்டோ பெயர் இருக்கட்டும். ஆனால் அவர் கிளாஸைத் தூக்கி, "வீட்டுலயே இருந்த அந்த இன்னொரு கிட்னிக்கு!" என்று சொல்ல, கழகமே எழுந்து நின்று குடித்ததாக எழுதியிருக்கிறாயே, அதை டெஷோ தபால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

இப்போது நான் மறைத்த இன்னொன்று. இதுதான் கடைசி, சத்தியமாக.

ஜனவரி முதல் தேதி காலையில் நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். பருப்பை ஊறப்போட எழுந்தேன். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. டெஷோவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைத் திறந்தேன். முற்றத்தில் சிட்டுக்குருவிகள் கத்துவது கேட்டது. கேட்டாலும் கணக்கு என்று நீ சொல்லியிருந்தாயே, அதனால் காதைப் பொத்திக்கொண்டு, செருப்பையே பார்த்துக்கொண்டு ஓடினேன். முதல் எண் சிட்டுக்குருவியாக இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. பாறைக்கு அடியில் போய்த்தான் தலையைத் தூக்கினேன். நம் பறவை அங்கே இருந்தது. என் வீட்டு வாசலிலிருந்து, என் காலால் நடந்து. அப்புறம் வந்து உனக்குப் பருப்பு சூப் வைத்தேன். ஒன்றும் தெரியாதவள்போல் எதிரே உட்கார்ந்து, புத்தாண்டன்று கோழி சாப்பிட்டால் அது அதிர்ஷ்டத்தைப் பின்னால் கிளறித் தள்ளிவிடும் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

நேற்று பள்ளி ஓவிய ஆசிரியையின் பழைய சைக்கிளை வாங்கிவிட்டேன். பச்சை நிறம், முன்னால் கூடை. டெஷோ கேட்டார், "இந்த வயசுல உனக்கு எதுக்கு வில்மா இதெல்லாம்?" நான் சொன்னேன், "என்கிட்ட இருந்து போனது ஒரே வருஷத்துல இருநூத்து முப்பத்தெட்டு பார்த்துடுச்சு. என்கிட்டயே இருக்கிறது ஐம்பத்தொரு வருஷமா உருளைக்கிழங்கைத்தான் பார்க்குது. பாவம், அதுக்கும் கொஞ்சம் காட்ட வேணாமா?"

நீ மெதுவாக மிதி. நானும் மெதுவாகத்தான் மிதிப்பேன். கானமயிலை எனக்குக் காட்டித் தருவாயா? சேராவிட்டாலும் ரயிலில் வருகிறேன்.

மருத்துவமனையிலிருந்து என் தாளும் வந்துவிட்டது.

உன் அக்கா,
வில்மா

பறவை 9. ரத்தம் 88.